உங்கப்பா பேருக்கு நீ வைத்த வால்

கதிரு,

போனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தரம் ஆரம்பித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். உன் அப்புறம் என்ன கிழமையில் வரும் என்று உன் ஆபீசுக்கே தெரியாது போலிருக்கிறது. அதனால் டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, யாரோ ஒரு வாலு விட்டுப்போன ரஃப் நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்து போட்டோ எடுத்து அனுப்புவேன். கையெழுத்து புரியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. பத்து வருஷம் உன் கோழிக்கிறுக்கலைப் படித்துத்தான் எனக்குக் கண்ணாடி வந்தது.

முதலில் நல்ல சேதி. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. மஞ்சள் தடவி சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். உங்கப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவி, துண்டில் துடைத்து, அதற்கப்புறம்தான் அதைத் தொட்டார். நிலக்கரித் தூசி நகக்கண்ணில் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரலை நீட்டிப் பார்த்தார். உன் பேரையும் மீரா பேரையும் வாய்விட்டுப் படித்தார். மீரா நல்ல பெண்டா. என்னோடு பேசும்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள், போனைப் பார்த்து இல்லை. அந்தப் பழக்கத்தை நீ கெடுத்துவிடாதே. உனக்குப் பசி வந்தால் குரல் ஏறும், அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடு. அவள் அப்பா அம்மாவை வாரத்துக்கு ஒரு தரம் நீயாகக் கூப்பிட்டுப் பேசு. எங்களைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டால் வருஷத்துக்கு ஒரு தரம்தான் ஆகும், அந்த லட்சணம் வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் நடந்த உன் நிச்சயதார்த்தத்தைப் பற்றித்தான். தட்டு மாற்றி, சாப்பாடு முடிந்து, எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்ற நேரம். உன் ஆபீசிலிருந்து உன் மேனேஜர் வந்திருந்தார். மீராவின் அப்பாவும் பக்கத்தில் நின்றார். நீ உங்கப்பாவின் தோளில் கையைப் போட்டு, அவரை முன்னால் தள்ளி நிறுத்தி, இங்கிலீஷில் சொன்னாய். "மை ஃபாதர், கணேசன்" என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்தினாய். எனக்கு அந்த மூச்சு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு, "ஃப்ரம் நெய்வேலி, இன் மைன்ஸ் மேனேஜ்மெண்ட்" என்றாய். மேனேஜர் கை கொடுத்தார். மீராவின் அப்பா, "அடேங்கப்பா, சொல்லவே இல்லையே சம்பந்தி" என்று இன்னொரு தரம் கை கொடுத்தார். உங்கப்பா சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் கொடுத்தார். பட்டுப்புடவை கட்டி நின்ற எனக்கு, பொய் என்று தெரிந்தும், ஒரு நொடி குளுகுளுவென்று இருந்தது. அடுத்த நொடியே உங்கப்பா முகத்தைப் பார்க்காமல் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும், "இந்தா, மேனேஜ்மெண்ட்டுன்னா ஆபீசருங்கதான?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். "நானு சுரங்கத்துல கரி ஓடுற பெல்ட்டுக்கு அடியில மண்ணு வாரிக்கினு கீறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ கணக்கு உதைக்கிறது என்கிற மாதிரி சொன்னார். ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, "புள்ளைக்கு அங்க அப்படிச் சொல்லணும்னு தோணியிருக்கு, வுடு" என்றார். அவர் விட்டுவிட்டார். எனக்குத்தான் விட முடியவில்லை.

உனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவள் நான். அதனால் எனக்குத்தான் இதில் அதிகம் வலிக்கிறது. நம் வீட்டு ஹாலில் பாய் விரித்து உட்கார்கிற பிள்ளைகளிடம் இன்றைக்கும் நான் இதைச் சொல்கிறேன். நம் ஊரில் ஆளைச் சொல்வதற்கு முன்னால் அவர் மேல் ஒட்டியிருப்பதைச் சொல்லிவிடுவோம். பத்தொன்பதாம் பிளாக் சரசு, பவர் ஹவுஸ் பாஸ்கர், நைட் ஷிப்ட் மணி. டவுன்ஷிப்பில் பிளாக் நம்பரைக் கேட்டதுமே கம்பெனி குவார்ட்டர்ஸ் சின்னதா பெரிதா என்று தெரிந்துபோகும். ஆள் உள்ளே நுழைவதற்குள் அவருக்கு நாற்காலி போடுவதா பாய் போடுவதா என்று முடிவாகிவிடும். இங்கிலீஷில் அப்படி இல்லை. பேர் முதலில் வந்துவிடும். சரசு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆஃப், ஃப்ரம், இன், வித் என்று ஏதோ ஒரு குட்டிச் சொல் வந்து, எந்த ஊர், எந்த வேலை, யாரோடு என்று மெதுவாகப் பின்னால் கட்டும். அதைத்தான் நான் வால் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வாலை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும், பேரை எடுத்துவிட்டால் விழுந்துவிடும் என்பேன். போன வாரம் ஒரு பையன், 'என் நண்பன் ரவி வித் மூக்குச்சளி' என்று எழுதிவிட்டு, "மிஸ், இது வால்தான?" என்று கேட்டான். சிரித்து மாளவில்லை. வால்தான்டா, ஆனால் அந்த ரவி பாவமில்லையா என்றேன். எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்பதற்காகக் கண்டதையும் கட்டக்கூடாது.

நீயும் அதே பாயில் உட்கார்ந்து படித்தவன்தான். 'கணேசன்' என்று நீ நிறுத்திய அந்த மூச்சில் நான் மனசுக்குள், போதும்டா ராஜா, அங்கேயே முடித்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மை ஃபாதர், கணேசன். முடிந்தது. யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் 'ஃப்ரம் நெய்வேலி' வரைக்கும் உண்மைதான், டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளியே இந்திரா நகரில் வாடகை வீடு என்றாலும் நாமும் நெய்வேலிக்காரர்கள்தானே. அதற்கு மேல் போனாயே, அங்கேதான் வேறு யாரோ ஒரு ஆளைக் கொண்டுவந்து உங்கப்பா இடத்தில் நிறுத்திவிட்டாய்.

அது உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உனக்கு நினைவிருக்கும், நான் சொல்லாவிட்டாலும். நீ ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம், நம் தெருக்கோடியில் சொந்த வீடு கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். அவரும் கணேசன். சுரங்கத்தில் பெர்மனெண்ட். அதற்குப் பிறகு நம் தெருவில் அவர் பெர்மனெண்ட் கணேசன், உங்கப்பா காண்ட்ராக்ட் கணேசன். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பால்காரனுக்கு அடையாளம் வேண்டாமா. அந்த மனிதர் ரிட்டயர்டு ஆன அன்றைக்கு, வழக்கம்போல கூட வேலை செய்தவர்கள் மாலை போட்டு, வண்டியில் வைத்து, மேளத்தோடு வீட்டில் கொண்டுவந்து விட ஏற்பாடு செய்திருந்தார்கள். மேளக்காரர்கள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். தெருமுனையில் பந்து விளையாடிக்கொண்டிருந்த உன்னிடம், "தம்பி, கணேசன் சார் வூடு எது?" என்று கேட்டிருக்கிறார்கள். நீ பந்தைப் போட்டுவிட்டு, "எங்க வூடுதாங்க, வாங்க" என்று முன்னால் ஓடி வந்தாய். அப்பாவுக்கு என்ன என்று கூட நீ யோசிக்கவில்லை, மேளம் வந்தால் நல்லதற்குத்தான் வரும் என்று நினைத்துவிட்டாய் போல.

நம் வாசலில் நின்று வெளுத்துக் கட்டினார்கள். நான் மாவுக் கையோடு ஓடி வந்தேன். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் படுத்திருந்த உங்கப்பா லுங்கியோடு எழுந்து வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். நீ அவர் பக்கத்தில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றாய். எதிர்வீட்டு ஹசீனா அக்காதான் பதறிப்போய், "ஐயோ, இது காண்ட்ராக்ட் கணேசன் வூடுங்க! நீங்க தேடறது பெர்மனெண்ட் கணேசனை. கடைசி வூடு, பச்சை கேட்டு" என்றார்கள். மேளம் பாதியில் நின்றது. தெருவே சிரித்தது. உங்கப்பாவும்தான் சிரித்தார். "வந்தது வந்துட்டீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று சொம்பை நீட்டினார். சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களோடு போய், அந்த மனிதருக்குத் துண்டு போர்த்தி, மேளத்துக்கு நாலு ஆட்டமும் ஆடிவிட்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார். நீ போகவில்லை. கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கேசரி கொடுத்தனுப்பினார்கள், அதையும் தொடவில்லை. அன்றைக்கு உன்னைக் கட்டிப்பிடித்து அழ வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. சின்னப் பிள்ளை, மறந்துவிடுவான் என்று நினைத்தேன்.

அதனால் உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். கோபம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே பந்தைப் போட்டுவிட்டு ஓடி வந்த என் பிள்ளையும் நிற்கிறான், நான் என்ன செய்ய? உங்கப்பாவை நீ குறைவாக நினைத்துச் சொல்லவில்லை. அவரை யாரும் குறைவாக நினைத்துவிடக்கூடாது என்று சொன்னாய். எனக்குப் புரிகிறது. ஆனால் பக்கத்தில் நின்று கேட்ட அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாரேன். இருக்கிறபடி சொல்ல என் பிள்ளைக்கு வாய் வரவில்லை என்றுதானே கேட்டிருக்கும்.

அதோடு போயிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். போன வாரம் மீராவின் அப்பா உங்கப்பாவுக்குப் போன் செய்தார். அவர் தங்கை மகன் டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறானாம். "நீங்க பெரிய இடத்துல இருக்கீங்க, சுரங்கத்துல அப்ரண்டிஸா சேர்க்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்" என்றாராம். உங்கப்பா என்ன சொல்வார்? "பாக்கலாம்ங்க, பாக்கலாம்ங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, வியர்த்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் டிக்கெட் கேட்க மறந்துவிட்டால் கூட்டத்தில் நீந்திப் போய் வாங்குகிற மனுஷன்டா அவர்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு கூத்து நடக்கிறது. சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, "ஐ ஆம் இன் மேனேஜ்மெண்ட், சார். தேங்க் யூ, சார்" என்று சொல்லிப் பழகுகிறார். ரிசப்ஷனில் உன் ஆபீஸ்காரர்கள் கேட்டால் உன் மானம் போய்விடக்கூடாதாம். "எத்தினி பேரு உங்க கீழ வேல செய்யறாங்கன்னு கேட்டா இங்கிலீஷ்ல இன்னா சொல்றது?" என்று என்னிடம் கேட்டார். "கீழ யாரும் இல்ல, மேல பெல்ட்டு ஓடுதுன்னு சொல்லுங்க" என்றேன் எரிச்சலில். எப்போதும் சிரிக்கிற ஆள் சிரிக்கவில்லை. "சொல்லிக் குடும்மா, அவன் கல்யாணத்துல நான் சொதப்பிடக் கூடாது" என்றார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவள், கட்டின புருஷனுக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆகவே கதிரு, நான் கேட்பது ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால் மீராவிடமும் அவள் அப்பாவிடமும் நீயே போய் உள்ளதைச் சொல்லிவிடு. போனில் வேண்டாம், நேரில் போ. மீராவை முதலில் உட்கார வைத்துச் சொல். அவள் கோபப்படுவாள், படட்டும். கல்யாணத்துக்கு முன்னால் வருகிற கோபத்துக்கு ஆயுசு குறைவு. பத்து வருஷம் கழித்து நம் வீட்டுக்கு வந்த இடத்தில் ஹசீனா அக்கா வாயிலிருந்து தெரிந்துகொண்டால், நீ சொன்ன மற்ற எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். சேர்ந்து வாழ்வதற்கு அதைவிட நரகம் வேறு இல்லை.

இதுவரைக்கும் நேற்று எழுதினேன். உங்கப்பா வருகிற சத்தம் கேட்டு, தாளை மடித்து அரிசி டின் மேல் வைத்துவிட்டு எழுந்துபோனேன். இனி எழுதுவது இன்றைக்கு.

காலையில் உங்கப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட் போகவில்லை. லீவு சொல்லிவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கே கிளம்பினீர்கள் என்றேன். எங்கேயும் இல்லை என்றார். போனை எடுத்து மீராவின் அப்பாவைக் கூப்பிட்டார். நான் தோசைக் கரண்டியோடு வாசற்படியில் நின்றேன்.

"சம்பந்திங்களா? கணேசன் பேசறேங்க. ஒரு விஷயம் சொல்லணுங்க. நான் ஆபீசர் இல்லீங்க. காண்ட்ராக்ட்ல கீறேன், பெல்ட்டு பக்கம் மண்ணு வார்ற வேல. உங்க தங்கச்சி புள்ளைக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாதுங்க. நம்பிக்கினு இருப்பாங்களேன்னுதான் சொல்றேன்."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. உன் வேலை மிச்சம் என்று கூட நினைத்தேன். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். உங்கப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பையன் மேல தப்பு இல்லீங்க. அவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தாங்க அப்படிச் சொல்லச் சொன்னேன். நாலு பேரு எதிர்ல கவுரவமா இருக்கட்டுமேன்னு புத்தி கெட்டுப் போச்சுங்க. அவனை ஒண்ணும் கேட்டுடாதீங்க."

கரண்டியைப் போட்டுவிட்டுப் போனைப் பிடுங்கப் போனேன். கையை நீட்டி என்னைத் தடுத்துவிட்டார். அந்தக் கை அவ்வளவு பலமாக இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "உங்க வயசுக்கு இது தேவையாங்க? பெத்த புள்ளைய பொய் சொல்ல வெக்கறதா?" உங்கப்பா எழுந்து நின்றுவிட்டார். எதிரில் யாரும் இல்லை, சுவர்தான் இருந்தது, அதற்கு முன்னால் எழுந்து நின்று, "தப்புதாங்க. மன்னிச்சிக்குங்க" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் வாங்கிக்கட்டிக்கொண்டார். கடைசியில், கல்யாணத் தேதியில் மாற்றம் இல்லை, மற்றதை அப்புறம் பேசலாம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். போனை வைத்துவிட்டு, "முடிஞ்சிச்சி. தம்பிக்கு இது தெரிய வேணாம், கல்யாண நேரத்துல சங்கடப்படுவான்" என்றார். தோசை கேட்டார். ஐந்து தோசை சாப்பிட்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

நான் அவருக்கு ஒரு சத்தியமும் செய்து கொடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். உன் கல்யாணம் நடக்கும், உனக்கு ஒரு குறையும் வராது, அதையெல்லாம் உங்கப்பா காலையிலேயே பார்த்து முடித்துவிட்டார். மண் வாருகிறவர் என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்த தகப்பன் என்ற பேரோடு உன் மாமனார் வீட்டார் முன்னால் மணமேடையில் நிற்கப் போகிறார், வாயைத் திறக்காமல். உண்மையை நான் போய்ச் சொன்னால் மகனைக் காட்டிக்கொடுத்த அம்மா ஆவேன், அவர் அதை என்றைக்கும் மன்னிக்க மாட்டார். அந்தப் பேரை அவர் மேலிருந்து எடுத்துப்போட இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும்.

மீராவின் அப்பா நடைப்பயிற்சி முடித்து காலை எட்டு மணிக்கு வீட்டில் இருப்பாராம். நாளைக்கு எந்த மீட்டிங் இருந்தாலும் போ.

அம்மா